கப்பலுக்குச் சுத்தமான எரிபொருள்: யாருக்குச் சுத்தம்?

(திருவொற்றியூரில் ஆலைத் தொழிலாளர்களும், மீஞ்சூர், பொன்னேரிப் பக்கத்து விவசாயத் தொழிலாளர்களும் கூடிய அரசியல் வகுப்பில் நிகழ்த்திய பேச்சின் எழுத்து வடிவம்.)



இன்றைய வகுப்புக்கு நாம் எடுத்துக்கொண்டிருக்கும் விஷயம் கப்பலின் எரிபொருள். தலைப்பைக் கேட்டதும் சில தோழர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். போனஸ் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது, கூலி உயர்வு பற்றிப் பேச வேண்டியிருக்கிறது, இதற்கு நடுவில் கப்பல் எதை எரித்து ஓடினால் நமக்கென்ன என்று நீங்கள் கேட்கலாம். கேள்வி நியாயமானது. அதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறோம்.

1923 மே முதல் தேதி இதே சென்னைக் கடற்கரையில் இந்தியாவின் முதல் மே தினக் கூட்டத்தை நடத்தியவர் தோழர் சிங்காரவேலர். தொழிற்சங்கம் மட்டும் பேசியவர் அல்ல அவர். விஞ்ஞானத்தைத் தமிழில் எளிமையாக எழுதிச் சாமான்ய மக்களுக்குக் கொடுத்தவர். தொழிலாளி வர்க்கம் தன்னைச் சுற்றி நடப்பது என்ன, எதனால் நடக்கிறது என்று தெரிந்துகொள்ளாமல் அதை மாற்ற முடியாது என்பது அவருடைய கொள்கை. நம்மைச் சுற்றி நடப்பதில் பெரிய பங்கு கப்பல். ராயபுரத்தில் விடியற்காலையில் கதவைத் திறந்தால் காற்றில் வருவது துறைமுகத்தின் வாசனை. எண்ணூரில் கூரையில் படிவது துறைமுகத்துக்கும் அனல் மின் நிலையத்துக்கும் வந்த நிலக்கரியின் தூள். வயலில் போடுகிற யூரியாவும் கப்பலில் வந்த சரக்கிலிருந்து பிறக்கிறது. ஆகவே கப்பல் எரிப்பது நம் நெஞ்சுக்கும் நம் சோற்றுக்கும் சம்பந்தப்பட்டது.

கப்பல் இன்று எதை எரிக்கிறது?

மணலி சுத்திகரிப்பு ஆலையில் வேலை செய்த தோழர்களுக்கு இது தெரியும். கச்சா எண்ணெயைக் காய்ச்சிப் பெட்ரோல், மண்ணெண்ணெய், டீசல் எல்லாம் எடுத்தபிறகு அடியில் தங்குவது தார் போன்ற கட்டி எண்ணெய். ஃபர்னஸ் ஆயில் என்று நாம் சொல்லுவது இந்த ரகம். சூடு காட்டினால்தான் குழாயில் ஓடும். விலை மலிவு. ஆகவே உலகத்துக் கப்பல் முதலாளிகள் பல பத்தாண்டுகளாக இதையே எரித்து வந்தார்கள். உலக வர்த்தகச் சரக்கில் 100-க்குச் சுமார் 80 பங்கு கப்பலில்தான் போகிறது. அவ்வளவு சரக்கும் இந்தக் கழிவு எண்ணெயின் புகையில்தான் போயிற்று.

இந்த எண்ணெயில் கந்தகம் இருக்கிறது. 2019 முடிய, சர்வதேசக் கடல்சார் அமைப்பின் விதிப்படி 3.5 சதவீதம் வரை கந்தகம் இருக்கலாம். அதாவது ஒரு டன் எண்ணெயில் 35 கிலோ கந்தகம். எரிந்ததும் அது கந்தக வாயுவாகி, தொண்டையை அரித்து, இருமலையும் இழுப்பையும் கொண்டுவரும். மழையோடு சேர்ந்தால் அமிலமாகும். 2020 ஜனவரி 1 முதல் இந்த அளவு 0.5 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. டன்னுக்கு 35 கிலோ என்பது 5 கிலோவாயிற்று. இது நல்ல மாற்றம். மறுக்கவில்லை.

ஆனால் இன்னொரு கணக்கையும் பாருங்கள். ஐரோப்பியத் துறைமுகங்களில் கட்டி நிற்கிற கப்பல் 0.1 சதவீதத்துக்கு மேல் கந்தகமுள்ள எண்ணெயை எரிக்கக்கூடாது என்று 2010 முதலே சட்டம் இருக்கிறது. வட கடலிலும் பால்டிக் கடலிலும் வட அமெரிக்கக் கரையோரத்திலும் ஓடுகிற கப்பலுக்கு 2015 முதல் அதே 0.1 சதவீதம். மத்தியதரைக் கடலில் 2025 மே முதல் அதே விதி வந்துவிட்டது. நம் கரைக்கு இப்படி ஒரு பாதுகாப்பு வட்டம் இல்லை. இங்கே 0.5 சதவீதம்தான்.

இதன் பொருள் என்ன? கப்பல் ஒன்றே, எஞ்சின் ஒன்றே, மாலுமியும் அவரே. ராட்டர்டாமில் கட்டி நிற்கும்போது டன்னுக்கு 1 கிலோ கந்தகம். சென்னையில் கட்டி நிற்கும்போது 5 கிலோ கந்தகம். ராயபுரத்துக் குழந்தையின் நுரையீரல் ராட்டர்டாம் குழந்தையின் நுரையீரலைவிட ஐந்து மடங்கு உறுதியானதா? எந்த வைத்தியன் இதைச் சொன்னான்?

இதோடு போகவில்லை. சில கப்பல் முதலாளிகள் நல்ல எண்ணெய் வாங்குவதற்குப் பதிலாக, புகைபோக்கியில் ஒரு கருவியை மாட்டினார்கள். கடல் நீரைப் பீய்ச்சிப் புகையைக் கழுவி, கழுவிய நீரைத் திரும்பக் கடலிலேயே விடுகிற ஏற்பாடு அது. புகையிலிருந்த விஷம் தண்ணீருக்குப் போயிற்று. தன் துறைமுகத்தில் இந்தக் கழிவு நீரை விடக்கூடாது என்று சிங்கப்பூர் 2020 ஜனவரி முதல் தடை போட்டது. அங்கே அது தடுக்க வேண்டிய தீங்கு என்றால், காசிமேட்டு மீனவன் வலை வீசுகிற கடலில் மட்டும் எப்படி தீங்கில்லாததாகும்?

எரிபொருளும் ஏகாதிபத்தியமும்

இனி, வாயுவுக்கு வருமுன் கொஞ்சம் சரித்திரம். எரிபொருள் மாறும்போதெல்லாம் உலகத்தில் யார் கை ஓங்குகிறது என்பதும் மாறியிருக்கிறது.

பாய்மரத்துக்குப் பிறகு நிலக்கரி வந்தது. கப்பலின் அடிவயிற்றில், கொதிகலன் வாயில் நின்று கரி அள்ளிப் போட்டவர்களில் ஏராளமானோர் நம் நாட்டு லஸ்கர்கள். வெள்ளை மாலுமிக்குக் கொடுத்த கூலியில் சிறு பகுதிதான் அவர்களுக்குக் கிடைத்தது. முதல் உலக யுத்தத்துக்கு முன்பு பிரிட்டிஷ் கடற்படை கரியைவிட்டு எண்ணெய்க்கு மாறியது. அப்போது கடற்படை மந்திரி சர்ச்சில். பிரிட்டனில் கரி இருந்தது, எண்ணெய் இல்லை. என்ன செய்தார்கள்? 1914-இல் ஆங்கிலோ-பெர்ஷியன் எண்ணெய்க் கம்பெனியின் பெரும்பாலான பங்குகளைப் பிரிட்டிஷ் சர்க்காரே வாங்கிற்று. ஈரானின் எண்ணெய் பிரிட்டிஷ் கப்பலின் எரிபொருளாயிற்று. 1951-இல் ஈரானியப் பிரதமர் மொசாதேக் அந்த எண்ணெயைத் தேசவுடைமையாக்கினார். 1953-இல் அமெரிக்க, பிரிட்டிஷ் உளவுத்துறைகள் சதி செய்து அவரைக் கவிழ்த்தன.

இது எங்கோ நடந்த கதை என்று நினைக்க வேண்டாம். 1914 செப்டம்பர் 22 இரவு ஜெர்மன் கப்பல் எம்டன் சென்னைமீது குண்டு வீசியது உங்கள் பாட்டனார் காலத்திலிருந்து சொல்லிவரும் சங்கதி. அது குறிபார்த்துச் சுட்டது எதை? துறைமுகத்தின் அருகே இருந்த பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளை. எரிபொருள் எங்கே குவிகிறதோ அங்கே ஆபத்தும் குவிகிறது. அதன் பக்கத்தில் குடியிருப்பது உழைப்பாளி மக்கள்தான்.

எல்.என்.ஜி. என்றால் என்ன?

இப்போது கப்பலுக்குச் சுத்தமான எரிபொருள் என்று சொல்லப்படுவது திரவ இயற்கை எரிவாயு. சுருக்கமாக எல்.என்.ஜி. வீட்டுச் சிலிண்டரில் இருக்கும் எல்.பி.ஜி. வேறு, இது வேறு. இதில் பெரும்பகுதி மீத்தேன். மீத்தேன் என்ற பெயர் விவசாயத் தோழர்களுக்குப் புதிதல்ல. காவிரிப் படுகையின் வயல்களைத் துளைத்து அதை எடுக்க வந்த திட்டத்தை எதிர்த்து மக்கள் பல ஆண்டுகள் போராடினார்கள். 2020-இல் டெல்டாப் பகுதி பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலம் என்று தமிழகத்தில் சட்டம் வந்ததற்கு அந்தப் போராட்டமே காரணம்.

இந்த வாயுவைப் பூஜ்யத்துக்குக் கீழே 162 டிகிரி குளிர வைத்தால் தண்ணீர்போலத் திரவமாகிறது. 600 குடம் வாயு ஒரு குடம் திரவமாகச் சுருங்கிவிடுகிறது. அதனால்தான் அதைக் கப்பலில் ஏற்றி நெடுந்தூரம் கொண்டுபோக முடிகிறது. 1959-இல் மீத்தேன் பயோனியர் என்ற கப்பல் அமெரிக்காவிலிருந்து இங்கிலாந்துக்கு முதல் சரக்கைக் கொண்டுபோயிற்று. இத்தகைய கப்பல்களில் வழியில் ஆவியாகும் வாயுவையே எஞ்சினில் எரித்து ஓட்டினார்கள். வாயு ஏற்றாத கப்பலும் இதில் ஓடலாம் என்பதை 2000-ஆம் ஆண்டில் நார்வேயின் குளுட்ரா என்ற பயணப் படகு காட்டியது. 2020-க்குப் பிறகு 23,000 பெட்டி சுமக்கும் ராட்சதக் கன்டெய்னர் கப்பல்களும் இந்த வாயுவில் ஓடுகின்றன.

நமது எண்ணூரில், காமராஜர் துறைமுகத்துக்குள், இந்தியன் ஆயில் நிறுவனத்தின் எல்.என்.ஜி. முனையம் 2019 மார்ச்சில் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. செலவு சுமார் 5,150 கோடி ரூபாய். ஆண்டுக்கு 50 லட்சம் டன் கையாளும் சக்தி. ஒவ்வொன்றும் 1,80,000 கன மீட்டர் கொள்ளும் இரண்டு தொட்டிகள். அங்கே இறக்கிய திரவத்தைத் திரும்ப வாயுவாக்கிக் குழாய் வழியே மணலி ஆலைகளுக்கு அனுப்புகிறார்கள். லாரியிலும் ஏற்றுகிறார்கள். எங்கே இப்படி ஒரு முனையம் இருக்கிறதோ அங்கே கப்பலுக்கு எரிபொருள் நிரப்பும் யோசனையும் பின்னாலேயே வரும். வரும்போது நாம் என்ன சொல்லப்போகிறோம் என்பதை இப்போதே யோசித்து வைத்துக்கொள்வது நல்லது.

முதலில் அதன் நன்மையைச் சொல்லுவோம். எதிரியின் கையில் இருக்கிற பொருள் என்பதற்காக நல்லதைக் கெட்டது என்று நாங்கள் சொல்லமாட்டோம். இந்த வாயுவில் கந்தகம் அநேகமாக இல்லை. கரிப்புகை மிகக் குறைவு. நெஞ்சை அரிக்கும் நைட்ரஜன் வாயுக்களும் பலவகை எஞ்சின்களில் நன்றாகக் குறைகின்றன. உலகத்தைச் சூடாக்கும் கரியமில வாயுவும் எண்ணெயைவிட 20 முதல் 25 சதவீதம் குறைவு. வாயுவில் ஓடும் கப்பல் கடலில் கவிழ்ந்தாலும் அந்த எரிபொருள் கறுப்புப் பிசினாகக் கரையில் ஒட்டாது. கொதித்து ஆவியாகிப் போய்விடும். பெர்த்தில் நிற்கும் கப்பலிலிருந்து வரும் புகை குறைந்தால் பயன் பெறுபவர்கள் சரக்கு இறக்கும் துறைமுகத் தொழிலாளிகளும், மதில் ஓரத்துக் குடிசை மக்களும். இந்தப் பயனை நாம் வேண்டாம் என்று சொல்லவில்லை.

சொல்லாமல் விட்ட கணக்கு

ஆனால் விளம்பரத்தில் வராத ஒரு கணக்கு இருக்கிறது. எஞ்சினுக்குள் போகிற வாயு முழுவதும் எரிவதில்லை. கொஞ்சம் எரியாமலே புகைபோக்கி வழியாகத் தப்பி வானத்துக்குப் போகிறது. எரியாத மீத்தேன், 20 ஆண்டுக் கணக்கில் பார்த்தால், கரியமில வாயுவைப்போல 80 மடங்குக்கு மேல் உலகத்தைச் சூடாக்கும். 100 ஆண்டுக் கணக்கில் பார்த்தாலும் சுமார் 30 மடங்கு.

கரும்பலகையில் போட்டுப் பார்ப்போம். ஒரு கப்பல் 100 கிலோ வாயுவை எரிக்கிறது. முழுவதும் எரிந்தால் 275 கிலோ கரியமில வாயு. அதே வேலைக்கு ஃபர்னஸ் ஆயில் எரித்திருந்தால் சுமார் 370 கிலோ வந்திருக்கும். ஆக 95 கிலோ மிச்சம். இது விளம்பரக் கணக்கு. இப்போது 100 கிலோவில் 3 கிலோ எரியாமல் தப்புகிறது என்று வையுங்கள். எரிந்த 97 கிலோவிலிருந்து 267 கிலோ. தப்பிய 3 கிலோவை 80-ஆல் பெருக்கினால் 240. கூட்டினால் 507. எண்ணெயின் 370 எங்கே, இந்த 507 எங்கே? ஒரு கிலோ மட்டும் தப்பினால் கணக்கு 352. அப்போது எண்ணெயைவிடக் கொஞ்சம் மேல். ஆகவே வாயு நல்லதா கெட்டதா என்பது எவ்வளவு தப்புகிறது என்பதில் இருக்கிறது. 100 ஆண்டுக் கணக்கு போடுகிறவர்கள் 3 கிலோ தப்பினாலும் லாபம்தான் என்பார்கள். நம் பிள்ளைகள் புயலையும் வெள்ளத்தையும் சந்திக்கப்போவது இந்த 20 ஆண்டுகளில் அல்லவா?

3 கிலோ என்பது நாம் மிகைப்படுத்திச் சொன்னதல்ல. ஐரோப்பிய சர்க்கார்களே சில வகை எஞ்சின்களுக்கு 3.1 சதவீதம் என்று விதியில் எழுதி வைத்திருக்கின்றன. ஓடும் கப்பல்களின் புகையை ஆகாயத்தில் அளந்து 2024-இல் வெளியான ஆராய்ச்சி, அதே வகை எஞ்சின்களில் சராசரி 6 சதவீதத்துக்கு மேல் தப்புகிறது என்று கண்டது. மிகக் குறைவாகத் தப்பும் எஞ்சின்களும் உண்டு. அவற்றின் விலை அதிகம். எந்த எஞ்சின் வாங்குவது என்று தீர்மானிப்பவன் முதலாளி. லாபம் அவனுக்கு, சூடு நமக்கு. ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதைதான். கிணற்றிலிருந்து எடுக்கும்போதும், குளிர வைக்கும்போதும், குழாயிலும் கசிவது இந்தக் கணக்கில் சேரவே இல்லை.

திருகுகுழாய் யார் கையில்?

அடுத்தது விலை. நம் நாடு உபயோகிக்கும் இயற்கை எரிவாயுவில் சுமார் பாதி வெளிநாட்டிலிருந்து கப்பலில் வருகிறது. 2020-இல் கொரோனா காலத்தில் உலகச் சந்தையில் இதன் விலை ஓர் அளவுக்கு 2 டாலருக்கும் கீழே விழுந்தது. 2022 ஆகஸ்டில், உக்ரைன் யுத்தத்தின் நடுவே, அதே அளவு 70 டாலரைத் தொட்டது. எரிகிற வீட்டில் பிடுங்கியது லாபம் என்று வாயுக் கம்பெனிகள் வாரிக் குவித்தன. பணக்கார ஐரோப்பா கிடைத்த கப்பலையெல்லாம் வாங்கிற்று. பாகிஸ்தானுக்கு வர ஒப்புக்கொண்டிருந்த சில கப்பல்கள் வராமலே போயின. வங்கதேசம் 2022 ஜூலையில் சந்தையில் வாங்குவதை நிறுத்தி, ஊர் ஊராக மின்சாரத்தை வெட்டியது. வாயுவிலும் எண்ணெயிலும் ஓடக்கூடிய கப்பல்கள் பல, சுத்தம் என்ற பேச்சை மூட்டை கட்டிவிட்டு எண்ணெய்க்கே திரும்பின. லாபம் இருக்கிற வரையில்தான் முதலாளிக்குச் சுத்தத்தில் அக்கறை. இதற்கு இதைவிட வேறு ருசு தேவையில்லை.

விவசாயத் தோழர்கள் கவனிக்க வேண்டும். மணலியில் இருக்கும் மெட்ராஸ் உரத் தொழிற்சாலை பொதுத்துறைக்குச் சொந்தமானது. முன்பு நாப்தாவிலிருந்து யூரியா செய்தது. 2019-இல் எண்ணூரில் இறங்கும் வாயுவுக்கு மாறியது. ஆகவே கத்தாரிலோ வேறெங்கோ விலை ஏறினால் அது குழாய் வழியே மணலிக்கும், மணலியிலிருந்து மூட்டை வழியே வயலுக்கும் வருகிறது. மானியம் இருக்கும்வரை சுமை சர்க்கார் கஜானாவில். மானியத்தை வெட்டினால் சுமை விவசாயியின் தலையில், அவன் கையிலிருந்து கூலி வாங்குகிற தொழிலாளியின் வயிற்றில். கப்பலும் உலையும் வயலும் ஒரே குழாயில் வாய் வைத்திருக்கும்போது, யாருக்கு முதலில், என்ன விலைக்கு என்பதை லாபச் சந்தை தீர்மானிப்பதா, மக்கள் தீர்மானிப்பதா?

ஆபத்தை யார் சுமப்பது?

வாயு ஏற்றும் கப்பல்களின் விபத்துக் கணக்கு மற்றக் கப்பல்களைவிட மோசமில்லை. உண்மையைச் சொல்லிவிடுகிறோம். ஆனால் கரையில் நடந்ததை மறக்கக் கூடாது. 1944 அக்டோபர் 20-இல் அமெரிக்காவின் கிளீவ்லேண்டில் எல்.என்.ஜி. தொட்டி உடைந்து திரவம் தெருவிலும் சாக்கடையிலும் ஓடித் தீப்பிடித்ததில் சுமார் 130 பேர் மாண்டார்கள். அந்தக் குளிரைத் தாங்காத ரக எஃகில் தொட்டி செய்திருந்தார்கள். யுத்த காலத்தில் நல்ல எஃகுக்குத் தட்டுப்பாடு. 2004 ஜனவரி 19-இல் அல்ஜீரியாவின் ஸ்கிக்டாவில் வாயுவைத் திரவமாக்கும் ஆலை வெடித்ததில் 27 பேர் இறந்தார்கள். இறந்தவர்கள் தொழிலாளிகள்.

வேலை செய்கிறவர் தெரிந்துகொள்ள வேண்டியது இது. திரவம் மேலே பட்டால் தீக்காயம்போலச் சதை கருகும். அது சிந்தினால் குளிர்ந்த வெண்மேகமாகத் தரையோடு தரையாக ஊரும். காற்றில் 100-க்கு 5 முதல் 15 பங்கு வரை கலந்திருந்தால் ஒரு பொறி போதும். வீட்டுச் சிலிண்டரில் நாற்றம் சேர்த்திருப்பதுபோல முனையத்துத் திரவத்தில் சேர்ப்பதில்லை. மூக்கால் கண்டுபிடிக்க முடியாது, கருவிதான் சொல்ல வேண்டும். இதெல்லாம் நிரந்தரத் தொழிலாளிக்குப் பயிற்சி வகுப்பில் கிடைக்கலாம். காலையில் வந்து மாலையில் போகும் ஒப்பந்தத் தொழிலாளிக்கும், லாரி டிரைவருக்கும், கிளீனருக்கும் யார் சொல்லிக் கொடுப்பது? எந்த மொழியில்?

எண்ணூர் அனுபவம் நமக்குப் பாடம். 2017 ஜனவரி 28 அதிகாலை துறைமுகத்துக்கு வெளியே பி.டபிள்யூ. மேப்பிள், டான் காஞ்சிபுரம் என்ற இரண்டு கப்பல்கள் மோதின. முதலில் பெரிய கசிவு இல்லை என்றார்கள். பிறகு கரை முழுவதும் கறுத்தது. நவீன எந்திரம் என்று கொண்டுவந்தது பலிக்கவில்லை. மீனவர்களும் தொழிலாளிகளும் மாணவர்களும் எர்ணாவூர்க் கரையில் வாளியால் அள்ளினார்கள். 2023 டிசம்பரில் மிச்சாங் புயல் வெள்ளத்தோடு மணலி சுத்திகரிப்பு ஆலை வளாகத்திலிருந்து வந்த எண்ணெய் பக்கிங்காம் கால்வாய் வழியாகக் கொசஸ்தலை ஆற்று முகத்துவாரத்தில் பரவியது. படகும் வலையும் பாழாயின. மறுபடியும் மீனவர் கையும் வாளியும்தான் இறங்கின. அதே மாதம் 26-ஆம் தேதி நள்ளிரவில் பெரியகுப்பத்தில் உரத் தொழிற்சாலைக்குக் கடலடியே போகும் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. மக்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு இருட்டில் ஓடினார்கள். எந்தப் பக்கம் ஓடுவது என்று அவர்களுக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை.

இன்னொரு பாடமும் உண்டு. சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரியும் இரும்புத்தாதும் கையாண்டதால் ராயபுரம் வட்டாரம் தூசியில் மூழ்கியது. உயர் நீதிமன்றத் தீர்ப்பின்படி 2011 அக்டோபரில் அது நின்றது. ராயபுரம் மூச்சு விட்டது. கரி எங்கே போயிற்று? எண்ணூருக்குப் போயிற்று. சுத்தம் என்ற பெயரில் அழுக்கை ஓர் ஏழையின் வாசலிலிருந்து இன்னோர் ஏழையின் வாசலுக்குத் தள்ளினார்கள். ராயபுரத்துத் தொழிலாளியும் எண்ணூர்த் தொழிலாளியும் சேர்ந்து நிற்காதவரை இந்த வித்தை நடந்துகொண்டேயிருக்கும்.

வேறு வழி உண்டா?

உண்டு. துறைமுகத்தில் கட்டி நிற்கும் கப்பல் தன் எஞ்சினை ஓட்டவே வேண்டியதில்லை. கரையிலிருந்து கம்பி போட்டு மின்சாரம் கொடுத்தால் புகை அப்போதே நிற்கும். அந்த மின்சாரம் கரியிலிருந்து வராமல் காற்றிலும் வெயிலிலும் வந்தால் எண்ணூருக்கும் நிம்மதி. சிறு கப்பல்களுக்கும் படகுகளுக்கும் பாட்டரி போதும். கேரளத்தில் அரசு நீர்ப் போக்குவரத்துத் துறை 2017 ஜனவரியில் வைக்கம், தவணக்கடவு துறைகளுக்கிடையே சூரிய ஒளியில் ஓடும் ஆதித்யா படகை விட்டது. 2023 ஏப்ரலில், அங்கே இடது ஜனநாயக முன்னணி ஆட்சி இருந்தபோது, கொச்சியில் பாட்டரிப் படகுகளைக் கொண்ட நீர் மெட்ரோ தொடங்கியது. அந்தப் படகுகளைக் கட்டியது பொதுத்துறைக் கொச்சி கப்பல் கட்டும் தளம். நெடுங்கடல் கப்பலுக்கு மெத்தனால், அம்மோனியா, ஹைட்ரஜன் என்று ஆராய்ச்சி நடக்கிறது. நமது தூத்துக்குடித் துறைமுகம் இதற்கான மையங்களில் ஒன்றாகக் குறிக்கப்பட்டிருக்கிறது. இவற்றிலும் ஆபத்து உண்டு. அம்மோனியா என்றால் என்னவென்று பெரியகுப்பத்து மக்களைக் கேட்க வேண்டும். ஆகவே புதிய எரிபொருள் எது வந்தாலும் நாம் கேட்க வேண்டிய கேள்விகள் அவையே.

உலக அளவிலும் இதற்கு முட்டுக்கட்டை போடுவது யார் என்று தெரிய வேண்டும். புகை விடும் கப்பலிடம் அபராதம் வாங்கி, சுத்தமான எரிபொருளுக்கு உதவும் ஒரு திட்டத்தைச் சர்வதேசக் கடல்சார் அமைப்பு 2025 ஏப்ரலில் ஒப்புக்கொண்டது. அக்டோபரில் அதைச் சட்டமாக்க வேண்டிய கூட்டத்தில், ஆதரிக்கும் நாடுகளைத் தண்டிப்போம் என்று அமெரிக்கா பகிரங்கமாக மிரட்டியது. 57-க்கு 49 என்ற வாக்கில் முடிவு ஓராண்டு தள்ளிப்போடப்பட்டது. எண்ணெயையும் வாயுவையும் விற்பவன் கையில் அதிகாரம் இருந்தால் இதுதான் நடக்கும்.

நமது கோரிக்கைகள்

முதலாவது, நமது துறைமுகங்களில் கட்டி நிற்கும் கப்பலுக்கு 0.1 சதவீதக் கந்தக விதி வேண்டும். புகை கழுவிய நீரை நம் கடலில் விடுவதைத் தடுக்க வேண்டும்.

இரண்டாவது, சென்னை, காமராஜர், காட்டுப்பள்ளி ஆகிய மூன்று துறைமுகங்களிலும் எல்லாப் பெர்த்துகளுக்கும் கரை மின்சாரம் வேண்டும். காட்டுப்பள்ளி தனியார் கையில் இருப்பதால் அதற்கு விலக்கு கூடாது.

மூன்றாவது, கப்பலுக்கு எல்.என்.ஜி. நிரப்பும் ஏற்பாடு வருமானால், எஞ்சினில் எவ்வளவு மீத்தேன் தப்புகிறது என்று அளந்து வெளியிட வேண்டும். அளக்காத கப்பலைச் சுத்தமான கப்பல் என்று அழைத்துச் சலுகை கொடுக்கக்கூடாது.

நான்காவது, ஆபத்துக் காலத் திட்டத்தைத் தமிழில் அச்சடித்து, எண்ணூர் முதல் ராயபுரம் வரை ஒவ்வொரு குப்பத்திலும் கொடுத்து, ஆண்டுக்கு இருமுறை ஒத்திகை நடத்த வேண்டும். ஆபத்தான வேலையில் ஒப்பந்த முறை ஒழிய வேண்டும். கருவியும் பயிற்சியும் எல்லாருக்கும் வேண்டும்.

ஐந்தாவது, கரி இறக்கும் வேலை குறைந்தால் அந்தத் தொழிலாளியை வீட்டுக்கு அனுப்பக்கூடாது. புதிய வேலைக்குப் பயிற்சி கொடுத்து, அதே கூலிக்குக் குறையாமல் வைத்துக்கொள்ள வேண்டும்.

ஆறாவது, உரத்துக்குப் போகும் வாயுவுக்கு விலைப் பாதுகாப்பு வேண்டும். உர மானியத்தில் கை வைக்கக்கூடாது.

தோழர்களே! இந்தக் கோரிக்கைகள் தனித்தனியாகப் பார்த்தால் மீனவருக்கு ஒன்று, துறைமுகத் தொழிலாளிக்கு ஒன்று, விவசாயத் தொழிலாளிக்கு ஒன்று என்று தோன்றும். ஒன்றாகப் பார்த்தால் எல்லாம் ஒரே எதிரியை நோக்கியவை. நாளையே இவற்றை உங்கள் ஆலை வாயிலிலும் கிராமத்துக் கிளைக் கூட்டத்திலும் வாசியுங்கள். கையெழுத்து வாங்குங்கள். பெரியகுப்பத்துக்கும் எர்ணாவூருக்கும் போய் அங்குள்ள மக்களோடு உட்கார்ந்து பேசுங்கள். அவர்கள் சொல்லுவதைக் குறித்துக்கொண்டு வாருங்கள். அடுத்த வகுப்பில் அதை வைத்துக்கொண்டு கோரிக்கைகளைத் திருத்தி எழுதுவோம். பிறகு துறைமுக அதிகாரிகளிடம் ஊர்வலமாகப் போவோம்.

நம் காற்று சுத்தமாக வேண்டும். நம் கடல் சுத்தமாக வேண்டும். அதை நமக்காக வேறு யாரும் செய்து தரமாட்டார்கள். உழைப்பாளி மக்கள் ஒன்றுபட்டுக் கேட்டால் கிடைக்கும்.